பீங்கான் நாய்க்கு ஒரு பிளாஸ்டிக் குடமா? பழைய பொம்மையை விற்கும் முன்னால் பார்க்க வேண்டியவை



போகி வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்திருந்தோம். ஏனென்றால் நம்ம வீடுகளில் பரண் மேலே இருப்பது கீழே வருவது அப்போதுதான். பழைய சாமான் வாங்குகிறவரும் அந்த வாரம் பார்த்துதான் தெருவுக்குத் தெரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்.

விஷயம் ஆரம்பித்தது ஒரு குழுக் கூட்டத்தில். கூட்டேரிப்பட்டு பக்கத்தில் ஒரு கிராமம். மாதச் சேமிப்பு எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு உறுப்பினர் பையிலிருந்து பழைய சேலைத் துணியில் சுற்றிய ஒரு பொம்மையை எடுத்து வைத்தார். உட்கார்ந்திருக்கிற வெள்ளை நாய். காது செம்பட்டை நிறம், கழுத்தில் தங்க நிறத்தில் ஒரு சங்கிலி.

"அக்கா, இது எங்க ஆயா வெச்சிருந்தது. குடம் விக்கிறவரு இதுக்கு ஒரு பிளாஸ்டிக் குடம் தர்றேன்னாரு. எங்க வூட்டுக்காரரு செல்லுல பாத்துட்டு லட்ச ரூவா போகும்ங்கிறாரு. எது நெசம்?"

அவர் சும்மா கேட்கவில்லை. கடனில் இரண்டு தவணை பாக்கி, 3,200 ரூபாய். லட்சம் வரும் என்று வீட்டுக்காரர் நம்பிவிட்டதால் தவணைக்கு வேறு வழி தேடவே இல்லை. எங்களுக்கும் அன்றைக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. "கொஞ்ச நாள் பொறும்மா, விசாரிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வந்தோம். விசாரித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

இந்தப் பொம்மைகள் நம்ம பக்கம் எப்படி வந்தன?

சீமைப் பீங்கான் நாய் நம்ம ஊரில் எப்படி என்று கேட்கலாம். நம்ம பகுதியைச் சுற்றி வழி நிறைய. புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அங்கே பெரிய வீடுகளில் வேலை பார்த்தவர்களுக்கு, வீட்டைக் காலி செய்து போகிறவர்கள் கொடுத்த சாமான்கள் உண்டு. புதுச்சேரிக்காரர் பலர் சைகோனில் வேலை பார்த்துத் திரும்பினார்கள். பர்மாவிலிருந்து 1942-இல் ஒரு கூட்டமும் 1960-களில் ஒரு கூட்டமும் ஊர் திரும்பியது. விழுப்புரம் ரயில் ஜங்ஷனில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வெளிநாடு போனபோது விற்றுவிட்டுப் போனவையும் உண்டு. நம்ம உறுப்பினருடைய ஆயா புதுச்சேரியில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். அப்படி வந்த நாய்தான் அது.

தெற்கே செட்டிநாட்டில் இது இன்னும் அதிகம். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெரு என்று ஒரு தெரு முழுக்கப் பழம்பொருள் கடைகள். செட்டியார் வீடுகளிலிருந்து வந்த ஜாடி, பொம்மை, எனாமல் பாத்திரம் எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். ரவி வர்மா படங்களைப் பார்த்து ஜெர்மனியில் செய்து இங்கே அனுப்பிய சாமி பொம்மைகளும் அதில் சேர்த்தி. கிருஷ்ணர் பக்கத்தில் நிற்கிற பசு ஜெர்மனிப் பசு என்று சொன்னால் நம்பத்தான் முடியவில்லை!

முதலில், அது பீங்கான்தானா?

வெள்ளையாகப் பளபளப்பாக இருப்பதெல்லாம் பீங்கான் இல்லை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், சாதா மண்ணில் வெள்ளை பூசியது, இப்போது வருகிற ரெசின் எல்லாமே தூரத்தில் ஒரே மாதிரிதான் தெரியும்.

பொம்மையைத் திருப்பி, அடியில் பூச்சு இல்லாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சிக்கொண்டால் அது பிளாஸ்டர் அல்லது குறைந்த சூட்டில் சுட்ட மண். சொட்டு அப்படியே முத்து மாதிரி நின்றால் பீங்கானாக இருக்க வாய்ப்பு அதிகம். அடியில் நகத்தால் கீறினால் வெள்ளைத் தூள் வருகிறதா? அது பிளாஸ்டர். கையில் எடுத்ததும் சில்லென்று இல்லாமல் பிளாஸ்டிக் மாதிரி இருந்தால் ரெசின். பீங்கான் எப்போதும் தொட்டால் குளிர்ச்சி.

அடுத்தது சத்தம். சந்தையில் பானை வாங்கும்போது விரலை மடக்கித் தட்டிப் பார்க்கிறோம் அல்லவா, அதேதான். நல்ல பீங்கான் 'ணங்' என்று கேட்கும். விரிசல் இருந்தால் 'டொக்' என்று செத்த சத்தம். பிறகு ராத்திரியில் செல்போன் டார்ச்சைக் காது, வால் மாதிரி மெல்லிய இடத்துக்குப் பின்னால் பிடியுங்கள். பீங்கானில் வெளிச்சம் லேசாக ஊடுருவும். சாதா மண்ணில் ஊடுருவாது. ஆனால் பொம்மை தடிமனாக இருந்தால் பீங்கானிலும் தெரியாது, அதனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. நம்ம உறுப்பினர் கொண்டுவந்த மாதிரியான நாய்க்கு மூலம் இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷையர் என்கிற இடம். 1800-களில் அங்கே ஜோடி ஜோடியாகச் செய்து, குளிர்காய்கிற அடுப்புக்கு மேலே இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்த மாதிரி வைப்பார்கள். அந்த அசல் நாய்களில் பெரும்பாலானவை பீங்கானே இல்லை, வெள்ளை பூசிய மண்தான். அப்படியும் அவற்றுக்கு மதிப்பு உண்டு. எனவே பீங்கான் என்றால் உசத்தி, மண் என்றால் மட்டம் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

செய்கிற விதம் தெரிந்தால் பாதி தெரிந்த மாதிரி

இதை வெளிநாட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. நம்ம பழைய தென்னாற்காடு மாவட்டத்திலேயே, விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. செராமிக் படிப்பு சொல்லித் தருகிற அரசு நிறுவனமும் அங்கே உண்டு. தீபாவளி, கார்த்திகைக்கு விற்கிற வெள்ளை அகல்விளக்கும், யானை, குதிரை, மான் பொம்மைகளும் அங்கிருந்து எவ்வளவோ ஊர்களுக்குப் போகின்றன. பக்கத்து நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே வெள்ளைக் களிமண் கிடைப்பதும் நம்ம மாவட்டங்களின் அதிர்ஷ்டம்.

வெள்ளைக் களிமண்ணோடு பொடித்த கல் வகைகளைச் சேர்த்துத் தண்ணீரில் கரைத்துக் கூழ் மாதிரி ஆக்குகிறார்கள். அதைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்போது, உள்பக்கம் ஓரமாக மண் ஒரு தோல் போலப் படிந்துவிடும். மீதிக் கூழைத் திரும்பக் கொட்டிவிடுவார்கள். அச்சைப் பிரித்தால் உள்ளே வெற்றிடத்தோடு பொம்மை. இரண்டு அச்சு சேர்ந்த இடத்தில் ஒரு கோடு இருக்கும், அதை ஈரத்துணியால் துடைத்து எடுப்பார்கள். பிறகு காயவைத்து, சுட்டு, கண்ணாடிப் பூச்சு கொடுத்து, மறுபடியும் சுடுவார்கள். உயர்தரப் பீங்கானுக்குச் சுமார் 1,300 டிகிரி சூடு வேண்டும். நம்ம குயவர் சூளை ஆயிரத்தைத் தொடாது.

இதிலிருந்து மூன்று விஷயம் புரிகிறது. முதலாவது, அடியில் உள்ள ஓட்டை. அது உடைப்பு இல்லை. உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து பொம்மை வெடித்துவிடாமல் இருக்க விட்ட வழி. அந்தக் காலத்து ஸ்டாஃபோர்ட்ஷையர் நாயில், மண்ணைக் கையால் அச்சில் அழுத்திச் செய்தார்கள், ஓட்டை ஊசித் துவாரம் போலச் சின்னதாக இருக்கும். பின்னால் வந்த ஊற்றுப் பொம்மையில் விரல் போகிற அளவு இருக்கும். இரண்டாவது, அச்சுக் கோடு. கவனமாகத் துடைத்திருந்தால் நல்ல வேலை, அப்படியே விட்டிருந்தால் அவசர வேலை. மூன்றாவது, வர்ணம். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். பூச்சுக்கு அடியில் தீட்டிய வர்ணம் விரலுக்குத் தட்டாது, தேயவும் தேயாது. மேலே தீட்டியது லேசாகத் தட்டும், தங்க ரேக்கு மாதிரி தேயும். நாயின் கண்ணையும் மூக்கையும் பாருங்கள். கையால் நிதானமாகத் தீட்டியதா, முத்திரை குத்தியதா என்று கோலம் போடுகிற நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடியில் என்ன எழுதியிருக்கிறது?

ஆடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் காசு கொடுப்போமா? பீங்கானுக்குப் பல் அடிப்பாகம். அங்கே உள்ள எழுத்து, படம், நம்பர் எல்லாவற்றையும் செல்போனில் கிட்ட வைத்துப் படம் எடுங்கள். இங்கிலீஷ் படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு எழுத்துக்கூட்டச் சொல்லுங்கள்.

நாட்டின் பெயர் இருந்தால் காலம் கண்டுபிடிக்கலாம். 1890-இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு, தன் நாட்டுக்குள் வருகிற சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று இங்கிலீஷில் எழுதியே ஆக வேண்டும் என்றது. அதிலிருந்துதான் இந்த எழுத்துப் பழக்கம் எங்கும் பரவியது. 'நிப்பான்' என்று இருந்தால் பெரும்பாலும் 1891 முதல் 1921 வரை ஜப்பானில் செய்தது. அதன் பிறகு 'ஜப்பான்'. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படை 1952 வரை ஜப்பானை ஆண்டது. அப்போது ஏற்றுமதியான பொம்மைகள் பலவற்றில் 'மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்' என்று எழுத்து இருக்கும். அந்த ஒரு வார்த்தைக்காகவே சேகரிக்கிறவர்கள் உண்டு. 'வெஸ்ட் ஜெர்மனி' என்றால் 1949-க்கும் 1990-க்கும் நடுவில். 'செக்கோஸ்லோவாகியா' என்றால் 1918-க்கும் 1992-க்கும் நடுவில். 'யு.எஸ்.எஸ்.ஆர்.' என்றால் 1991-க்கு முன்னால். ரஷ்யாவில் லெனின்கிராடில் இருந்த லொமொனோசோவ் தொழிற்சாலை செய்த கரடி, புலி, நாய்க்குட்டி பொம்மைகள் அப்படி எழுதி உலகம் முழுக்கப் போயிருக்கின்றன.

எழுத்தே இல்லாமல் வெறும் குறி மட்டுமே இருக்கலாம். நீல நிறத்தில் இரண்டு வாள் குறுக்காக இருந்தால் அது ஜெர்மனியின் மைசென் குறி. ஐரோப்பாவில் 1710-இல் தொடங்கிய முதல் பீங்கான் தொழிற்சாலை அதுதான். அந்தக் காலத்து ராஜாவுக்காகப் பெரிய பெரிய மிருகப் பொம்மைகளை அங்கே செய்தார்கள். மூன்று அலைக்கோடு இருந்தால் டென்மார்க் நாட்டு ராயல் கோபன்ஹேகன். ஆனால் இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். வாள் குறியைப் போல உலகத்தில் காப்பியடிக்கப்பட்ட குறி குறைவு. வாளைப் பார்த்ததும் குதித்துவிடாதீர்கள், வேலைப்பாடும் அந்த அளவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்களையே ஏமாற்றப் பார்த்தது நம்பர்தான். நம்ம உறுப்பினருடைய நாயின் அடியில் நாலு இலக்கம், பதினேழில் ஆரம்பிக்கிற மாதிரி இருந்தது. அவர் வீட்டுக்காரர் அதை வருஷம் என்று எடுத்துக்கொண்டார். முந்நூறு வருஷத்துப் பொம்மை என்று கணக்குப் போட்டதில்தான் லட்சம் வந்தது! அப்படி வருகிற நம்பர் பெரும்பாலும் அச்சு நம்பர். சில கம்பெனிகள் தாங்கள் தொடங்கிய வருஷத்தையும் குறியில் போடும். அது கம்பெனியின் வயசு, பொம்மையின் வயசு இல்லை.

குறியே இல்லையென்றாலும் மனம் தளர வேண்டாம். பழைய ஸ்டாஃபோர்ட்ஷையர் நாய்களில் பெரும்பாலும் குறி கிடையாது. ஜப்பான் பொம்மைகள் பலவற்றில் வெறும் காகித ஸ்டிக்கர்தான், எப்போதோ உதிர்ந்திருக்கும்.

மேலே சிலந்தி வலை மாதிரி மெல்லிய வெடிப்பு இருந்தால் பழசு என்று சிலர் சொல்வார்கள். அதையும் அப்படியே நம்ப முடியாது. புதுசிலேயே வெடிப்பு வரவைத்து, டீத்தண்ணியில் ஊறப்போட்டுக் கறை ஏற்றி விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

குறை, ஒட்டு, கழுவுதல்

விலையைப் பாதிக்கு மேல் தின்பது குறைதான். காது நுனி, வால், கால், கொம்பு, இந்த இடங்களில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ஒட்டிய இடத்தில் நகம் தட்டும். கள்ள நோட்டு பார்க்கிற நீல லைட் கிடைத்தால் இருட்டில் அதைப் பிடித்துப் பாருங்கள். பின்னால் பூசிய வர்ணமும் பசையும் மற்ற இடத்தை விட வேறு மாதிரி ஒளிரும்.

தயவுசெய்து புளி, சாம்பல், பாத்திரம் தேய்க்கிற பவுடர், தேங்காய் நார் எதுவும் வேண்டாம். தங்கக் கோடு ஒரே தேய்ப்பில் போய்விடும். பிளாஸ்டிக் டப்பில் துணி விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு போட்டு, மெத்தென்ற துணியால் துடைத்தால் போதும். ஒட்டு இருந்தால் ஊறப்போடாதீர்கள். காது உடைந்திருந்தால் துண்டைப் பத்திரமாக வையுங்கள், பெட்டிக்கடைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். ஒட்டின பொம்மையை விட ஒட்டாத உடைசலுக்கு விலை அதிகம் கிடைக்கும்.

விலை என்பது எது?

செல்லில் படம் காட்டித் தேடினால் இதே மாதிரி பொம்மை வந்து நிற்கும், பக்கத்தில் பெரிய விலையும் இருக்கும். அது விற்கிறவர் கேட்கிற விலை. கேட்கிறதற்கு என்ன, யாரும் எதுவும் கேட்கலாம். உண்மையில் என்ன விலைக்கு விற்று முடிந்தது என்று பார்க்க வேண்டும், சில ஏல விற்பனைத் தளங்களில் விற்று முடிந்தவை என்று தனியாகக் காட்டும். அதுவும் அமெரிக்காவிலோ லண்டனிலோ விற்ற விலை. அங்கே அனுப்புகிற செலவு, வழியில் உடைகிற பயம் எல்லாம் நம்ம தலையில்.

கடைக்காரர் உங்களிடம் கேட்கிற விலை இன்னொன்று. அவர் 1,000 ரூபாய்க்கு விற்கப் போகிற பொருளை உங்களிடம் 400, 500-க்குக் கேட்டால் உடனே ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. கடை வாடகை உண்டு, பொருள் வருஷக்கணக்கில் விற்காமல் கிடக்கும். அதனால் ஒரு கடையோடு நிற்காமல் இரண்டு மூன்று கடையில் காட்டுங்கள். பொம்மையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், படம் போதும். முன், பின், அடி, குறை இருக்கிற இடம், பக்கத்தில் அளவுக்கு ஒரு ஸ்கேல். குறையை மறைக்காமல் படம் எடுப்பதுதான் நல்லது, பேரம் முடிந்த பிறகு தகராறு வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலும் இந்த அலமாரிப் பொம்மைகளுக்கு முன்பு இருந்த கிராக்கி இல்லை. சேர்த்து வைத்த தலைமுறைக்கு வயசாகிவிட்டது, பிள்ளைகள் வாங்குவதில்லை. நல்ல கம்பெனி, நல்ல வேலைப்பாடு, குறை இல்லாதது, ஜோடி சேர்ந்தது, இவற்றுக்குத்தான் இன்றும் மதிப்பு. எங்கள் கருத்தில், குழுக் கடனுக்கு இதை ஈடு மாதிரி நினைக்கவே கூடாது. நகைக்கு அன்றன்றைக்கு ரேட் உண்டு, பொம்மைக்குக் கிடையாது.

சட்டமும் ஏமாற்றும்

1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அவற்றை வியாபாரமாகச் செய்கிறவருக்கு உரிமம் இருக்க வேண்டும். வயலிலோ வீடு கட்டும்போதோ மண்ணுக்குள்ளிருந்து பொருள் கிடைத்தால் கதையே வேறு. 1878-லிருந்து இருக்கிற புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். வெள்ளை யானைப் பொம்மை பீங்கான் இல்லாமல் தந்தமாக இருந்துவிட்டால் அதை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். தந்தத்தில் வெட்டுப்பட்ட இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய ரேகை ஓடும்.

"இந்தப் பொம்மைக்குச் சக்தி இருக்கு, கோடி ரூபா பார்ட்டி இருக்கு, சோதனைக்கு அம்பதாயிரம் கட்டுங்க" என்று வருகிறவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். இரிடியம் கலசம், ரைஸ் புல்லிங் என்று எத்தனை குடும்பம் நிலத்தை விற்றுக் கெட்டது என்று நமக்குத் தெரியும். செல்போனில் விற்கப் போட்டால் இன்னொரு வகை வரும். "பணம் அனுப்பறேன், இந்தக் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்பார்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் போட வேண்டியதே இல்லை, போட்டால் நம்ம பணம்தான் போகும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

அந்த நாய் என்ன ஆச்சு?

அடியில் சிவப்பு எழுத்தில் 'மேட் இன் ஜப்பான்' என்றுதான் இருந்தது. ஸ்டாஃபோர்ட்ஷையர் நாயைப் பார்த்து ஜப்பானில் செய்தது. இடது காதில் சின்ன உடைசல் வேறு. புதுச்சேரியில் ஒரு கடையில் 600 என்றார்கள், இன்னொரு கடையில் 900. இரண்டாவது கடைக்காரர் படத்தைப் பார்த்துக்கொண்டே, "இது வலது பக்கம் பாக்குதே, இடது பக்கம் பாக்கிறது எங்கம்மா?" என்று கேட்டார்.

அது திண்டிவனத்தில் இருந்தது. ஆயா இறந்தபோது சாமான் பிரித்ததில் ஒன்றை அம்மாவும் மற்றதைச் சின்னம்மாவும் எடுத்துக்கொண்டார்களாம். ஜோடியாக வந்தால் 2,500 தரலாம் என்றார் கடைக்காரர்.

லட்சம் இல்லை என்று தெரிந்ததும் வீட்டில் இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. குழு கூடி, பாக்கித் தவணைக்கு இரண்டு மாதம் அவகாசம் கொடுத்துத் தீர்மானம் எழுதினோம். பொங்கலுக்கு அவர் திண்டிவனம் போய்ச் சின்னம்மாவிடம் கேட்டிருக்கிறார். "நான் எதுக்குடி விக்கணும்? உன்னதையும் எங்கிட்டயே குடு" என்று சின்னம்மா 1,500 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டார். கடையில் சொன்ன 900-ஐ விட அறுநூறு கூட. ஒரு தவணைக்கு நூறு குறைந்தது, அதைக் கூலியிலிருந்து போட்டுக் கட்டினார். அடுத்த தவணை மாசி மாதம் கட்டி முடிந்தது. நாய் இரண்டும் இப்போது திண்டிவனத்தில் டிவிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கின்றன.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருந்தால் அடுத்த கூட்டத்துக்கு முன், பின், அடி மூன்றையும் படம் எடுத்து வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.